விடிய விடியக் கத்தும் கிழட்டுப் பூனை: 14 வயதுப் பூனையின் பன்னிரண்டு வாரக் கணக்கு

வயதான பூனை ராத்திரியில் கத்த ஆரம்பித்தால் வீட்டில் மூன்று விளக்கம் வரும். பசிக்கிறது என்பார் ஒருவர். வயசாகிவிட்டது, இனி அப்படித்தான் என்பார் இன்னொருவர். பூனை அழுதால் வீட்டுக்கு ஆகாது என்பார் பாட்டி. மூன்றாவதை விட்டுவிடலாம். முதல் இரண்டும் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் பூனையை மருத்துவரிடம் கொண்டுபோவதை ஆறு மாதம் தள்ளிப்போட வைக்கிறது.

இங்கே சொல்லப்படுவது ஒரு மாதிரி நிகழ்வு. ஒரே பூனையின் மருத்துவக் கோப்பு அல்ல. இரவுக் கத்தலோடு வரும் கிழட்டுப் பூனைகளிடம் திரும்பத் திரும்பக் காணும் ஒழுங்கை, பொன்னி என்ற ஒரு பூனையின் மேல் ஏற்றி, அதற்கேற்ற எண்களோடு எழுதியிருக்கிறோம். மருந்தின் அளவுகள் பூனை மருத்துவத்தில் வழக்கில் உள்ளவைதான். ஆனாலும் உங்கள் பூனைக்கான அளவை அதன் எடையையும் சிறுநீரகத்தையும் பார்த்து மருத்துவர்தான் எழுத வேண்டும்.

பூனையும் வீடும்

பொன்னி கருத்தடை செய்த பெண் நாட்டுப் பூனை. வயது 14, மனிதக் கணக்கில் எழுபதைத் தாண்டிய வயது. சென்னையில் இரண்டாம் மாடி அடுக்ககம், வெளியே விடுவதில்லை. நான்கு மாதமாக ராத்திரிக் கத்தல். சாதாரண மியாவ் இல்லை. அடிவயிற்றிலிருந்து எழும்பி இழுத்துக்கொண்டே போகும் ஊளை. கீழ்வீட்டிலிருந்து இரண்டு முறை புகார் வந்துவிட்டது.

அதற்குள் வீட்டில் எல்லாமே முயன்றிருந்தார்கள். படுக்கும்போது கிண்ணம் நிறையப் பால் வைத்ததில் வயிற்றுப்போக்குதான் வந்தது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. பால்கனியில் விட்டுக் கதவைச் சாத்தியதில் கத்தல் இரட்டிப்பானது. தண்ணீர் பீய்ச்சியதில் ஆளைக் கண்டால் கட்டிலுக்கடியில் ஓடப் பழகியது. துணைக்கு ஒரு குட்டி வாங்கலாம் என்ற யோசனையும் இருந்தது. வாங்காதது நல்லது. நோயில் இருக்கும் கிழட்டுப் பூனைக்கு இரண்டு மாதக் குட்டி துணையாக இருக்காது, தொல்லையாகத்தான் இருக்கும்.

ஏழு நாள் நோட்டு

சிகிச்சையில் பாதி இந்த நோட்டில்தான் இருக்கிறது. 'ராத்திரியெல்லாம் கத்துது' என்று சொன்னால் மருத்துவருக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. ஒரு பள்ளி நோட்டில் ஐந்து கட்டம் போட வேண்டும்: மணி, இடம், அப்போது பூனை என்ன செய்துகொண்டிருந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், எதனால் நின்றது. முடிந்தால் விளக்குப் போடாமல் போனில் அரை நிமிட வீடியோ. விளக்கைப் போட்டால் கத்தலே மாறிவிடும். அதுவும் ஒரு தகவல்தான், ஆனால் அதைத் தனியாகக் குறிக்க வேண்டும்.

பொன்னியின் நோட்டில் மூன்றாம் நாள் ராத்திரி இப்படி இருக்கிறது:

'12:50. ஹால் மூலை. சுவரைப் பார்த்து நிற்கிறது. பேர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லை. தரையைத் தட்டியதும் திரும்பியது. விளக்குப் போட்டதும் நின்றது.

3:20. லிட்டர் டிரே பக்கம். முன்கால் ஒன்றைத் தூக்கி விளிம்பில் வைத்தது, எடுத்தது. மறுபடி வைத்தது. கத்தியது. இரண்டு நிமிடம் கழித்து உள்ளே போனது.

4:40. பெட்ரூம் கதவு. சின்னச் சின்னதாக விட்டு விட்டு. கதவைத் திறந்ததும் வாலைத் தூக்கிக்கொண்டு கிண்ணத்துக்கு நேராக ஓடியது. சாப்பாடு போட்டதும் நின்றது.'

ஒரே ராத்திரி, ஒரே பூனை, மூன்று வெவ்வேறு கத்தல். இந்த எழுத்து முழுக்க இதைப் பற்றித்தான். கிழட்டுப் பூனையின் இரவுக் கத்தலுக்கு ஒரே காரணத்தைத் தேடுகிறவர்கள் முதல் காரணம் கிடைத்ததும் நிறுத்திவிடுவார்கள். பிறகு மருந்து கொடுத்தும் குறையவில்லையே என்று அந்த மருந்தையும் நிறுத்துவார்கள்.

ஏழு நாள் கூட்டிப் பார்த்ததில் மொத்தம் 38 கத்தல். நள்ளிரவை ஒட்டி ஹாலில் 17. டிரே பக்கம் 9. விடியற்காலை கதவடியில் 12. இந்த மூன்று எண்களையும் நினைவில் வையுங்கள்.

மருத்துவர் மேசையில்

முதலில் தடுப்பூசி அட்டையை எடுத்தார்கள். ஒன்றரை வருடத்துக்கு முன் எடை 4.3 கிலோ, இப்போது 3.4. வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தினமும் பார்க்கும் கண்ணுக்கு இளைப்பு தெரியாது. பூனையின் ரோமம் வேறு மறைத்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு எடை போயிருக்கிறது, ஆனால் சாப்பாடு முன்னைவிடக் கூடியிருக்கிறது. நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கும் கிழட்டுப் பூனை என்றால் முதல் சந்தேகம் தைராய்டின் மேல். அடுத்தது சர்க்கரை.

இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 236. பயந்த பூனைக்கும் துடிப்பு ஏறும், ஆனாலும் இது குறித்துவைக்க வேண்டிய எண். தொண்டையின் இடப்பக்கம் விரல் நுனியில் ஒரு சிறு கட்டி வழுக்கி ஓடியது. இரண்டு கண்பாவையும் கொஞ்சம் விரிந்தே இருந்தன.

அடுத்தது ரத்த அழுத்தம். கிழட்டுப் பூனையின் கத்தலில் அதிகமாகத் தவறவிடப்படும் பரிசோதனை இதுதான். எல்லாக் கிளினிக்கிலும் பூனைக்கான கருவி இருக்காது. போகும் முன் போனில் கேட்டுவிடுவது நல்லது. கையில் கட்டும் பட்டையின் அகலம், கட்டும் இடத்துச் சுற்றளவில் 30 முதல் 40 விழுக்காடு இருக்க வேண்டும். பட்டை ஒடுக்கமாக இருந்தால் அழுத்தம் பொய்யாக ஏறும், அகலமாக இருந்தால் பொய்யாக இறங்கும். நாய் குரைக்காத அறையில் பூனையை ஐந்து பத்து நிமிடம் ஆறவிட்டு, முதல் அளவை விட்டுவிட்டு, அடுத்து வரும் ஐந்து முதல் ஏழு அளவுகளின் சராசரியை எடுப்பதுதான் முறை. ஒரே ஒரு அளவை எடுத்து அதைச் சொன்னால் நம்ப வேண்டாம். மேல் அளவு (சிஸ்டாலிக்) 140க்குக் கீழே இயல்பு. 160க்கு மேல் உயர் ரத்த அழுத்தம். 180ஐத் தொட்டால் கண்ணுக்கும் மூளைக்கும் ஆபத்து அதிகம். பொன்னியின் சராசரி 188.

விழித்திரையைப் பார்த்ததில் ரத்தக் குழாய்கள் முறுக்கிக்கொண்டிருந்தன, ஆனால் திரை பிரியவில்லை. அது அதிர்ஷ்டம். பல பூனைகளின் அழுத்தம் கண் போன பிறகுதான் வெளியே தெரிகிறது.

ரத்தமும் சிறுநீரும் ஒன்றாக எடுக்கப்பட்டன. தைராய்டு ஹார்மோனான டி4-இன் அளவு டெசிலிட்டருக்கு 8.6 மைக்ரோகிராம், ஆய்வகத்தின் மேல் வரம்பு 4.7. சர்க்கரை இயல்பு. கல்லீரல் நொதி ஏ.எல்.டி. கொஞ்சம் கூடுதல், தைராய்டு ஏறினால் அது சேர்ந்தே ஏறும். சிறுநீரகம் வடிகட்டும் கழிவான கிரியேட்டினின் 1.5, பார்வைக்குச் சரி. சிறுநீரின் ஒப்படர்த்தி (எவ்வளவு கெட்டி என்ற அளவு) 1.022. இதுதான் கண்ணில் உறுத்தியது. நல்ல சிறுநீரகம் உள்ள பூனையின் சிறுநீர் பொதுவாக 1.035க்கு மேல் கெட்டியாக இருக்கும்.

இந்த இடத்தில் நிதானம் வேண்டும். தைராய்டு மிகையானால் சிறுநீரகத்துக்குள் ரத்த ஓட்டம் கூடி வடிகட்டல் வேகமெடுக்கும். தசையும் கரைந்திருப்பதால் கிரியேட்டினின் உற்பத்தியே குறைவு. இரண்டும் சேர்ந்து, கெட்டுப்போன சிறுநீரகத்தையும் தாளில் நல்லதாகக் காட்டும். தைராய்டைக் குறைத்ததும் திரை விலகும். 'மருந்து கிட்னியைக் கெடுத்துவிட்டது' என்று பல வீடுகளில் மருந்தை நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான். மருந்து கெடுக்கவில்லை, ஏற்கெனவே இருந்ததைக் காட்டியது.

பூனைகளின் மிகைத் தைராய்டு ஒரு நோயாக முதன்முதலில் விவரிக்கப்பட்டது 1979ஐ ஒட்டி நியூயார்க்கில். பெரும்பாலும் பத்து வயதைத் தாண்டிய பூனைகளுக்கு வருவது. கட்டி நூற்றில் இரண்டு மூன்று பூனைகளுக்குத்தான் புற்றாக இருக்கும், மற்றவை சாதாரண வீக்கம். டி4 இயல்பு வரம்பின் மேல்பாதியில் வந்து அறிகுறிகளும் பொருந்தினால், தைராய்டு இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. உடம்பில் இன்னொரு நோய் இருந்தால் அது டி4-ஐக் கீழே இழுத்துப் பிடித்துவைக்கும். சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

மாத்திரைப் பாடு

அழுத்தத்துக்கு ஆம்லோடிபின், நாளைக்கு ஒரு முறை 0.625 மி.கி. அதாவது மனிதர்களுக்கான 2.5 மி.கி. மாத்திரையில் கால் பங்கு. மருந்துக்கடையில் 5 மி.கி. மாத்திரைதான் முதலில் கையில் வரும். அதை எட்டாக உடைக்க முடியாது, தூள்தான் மிஞ்சும். 2.5 என்று கேட்டு வாங்கி, மாத்திரை வெட்டும் சின்னப் பெட்டியில் வெட்ட வேண்டும். அட்டையில் வேறு மருந்து சேர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆம்லோடிபினோடு அட்டினோலால் சேர்ந்த மாத்திரைகள் நம் கடைகளில் சகஜம்.

தைராய்டுக்குக் கார்பிமசோல், 5 மி.கி. மாத்திரையில் பாதி, காலையும் இரவும். சிறுநீரகத்தின் மேல் சந்தேகம் இருந்ததால் குறைவாக ஆரம்பித்தார்கள். கார்பிமசோல் உடம்புக்குள் போய் மெதிமசோலாக மாறித்தான் வேலை செய்கிறது. இரண்டுக்கும் மில்லிகிராம் கணக்கு ஒன்றல்ல. கடைக்காரர் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எடுத்துக்கொடுத்தால் வாங்காதீர்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரை என்றால் உடைக்கவே கூடாது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த மருந்தை அவர் வெறுங்கையால் தொடக் கூடாது, டிரே அள்ளும் வேலையையும் வேறொருவர் செய்ய வேண்டும்.

மாத்திரை கொடுத்ததும் ஊசி கழற்றிய சிரிஞ்சில் 5 மி.லி. தண்ணீரைக் கடைவாய்ப் பக்கமாகச் சிறிது சிறிதாக விட வேண்டும். வெறும் மாத்திரை பூனையின் உணவுக் குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். மத்தி மீன் துண்டுக்குள் ஒளித்துவைத்தால் முதல் மூன்று நாள் ஏமாறும், நாலாம் நாள் மீனைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பும். அதனால் முதல் துண்டு வெறும் மீன், இரண்டாவதில் மாத்திரை, மூன்றாவதை மூக்குக்கு நேரே காட்டிக்கொண்டே கொடுப்பது. மூன்றாவதின் அவசரத்தில் இரண்டாவதை விழுங்கிவிடும்.

கார்பிமசோலில் கவனிக்க வேண்டியவை: வாந்தி, பசி அறவே போவது, முகத்தையும் கழுத்தையும் ரத்தம் வரச் சொறிந்துகொள்வது, காய்ச்சல், ஈறுகளில் வெளுப்பு. முகச் சொறிச்சல் வந்தால் அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவருக்குப் போன் செய்ய வேண்டும். தொந்தரவுகள் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில் வரும். அதனால்தான் இரண்டு மூன்று வாரத்துக்கொரு முறை ரத்தப் பரிசோதனை.

பத்தாம் நாள் அழுத்தம் 152. மூன்றாம் வாரம் டி4 5.2, கிரியேட்டினின் 1.7. காலை முழு மாத்திரை, இரவு பாதி என்று ஏற்றினார்கள். ஏழாம் வாரம் டி4 2.1. இயல்பு வரம்பின் கீழ்ப்பாதி, வேண்டிய இடம் அதுதான். எடை 3.7 கிலோ. கிரியேட்டினின் 2.1, சிறுநீரக நோயை நிலைகளாகப் பிரிக்கும் ஐரிஸ் வகைப்பாட்டில் இரண்டாம் நிலைச் சிறுநீரக நோய் (அந்த நிலைக்கான வரம்பு 1.6 முதல் 2.8). எதிர்பார்த்ததுதான். மருந்து நிற்கவில்லை. உலர் தீனியைக் குறைத்து ஈர உணவைக் கூட்டினார்கள், தண்ணீர்க் கிண்ணம் மூன்றானது.

ஏழாம் வாரம் நோட்டை மறுபடி ஏழு நாள் எழுதியதில் ஹால் கத்தல் 17லிருந்து 5 ஆகியிருந்தது. டிரே பக்கம் 9லிருந்து 8. கதவடி 12, அப்படியே.

மொத்தமாக எண்ணியிருந்தால் 38 என்பது 25 ஆகியிருக்கிறது, பரவாயில்லை என்று விட்டிருப்பார்கள். பிரித்து எண்ணியதால்தான் மருந்து எதைத் தொட்டது, எதைத் தொடவில்லை என்று தெரிந்தது.

டிரே விளிம்பு

முன்காலை வைத்து எடுத்து, வைத்து எடுத்து நின்ற அந்த வீடியோவை மருத்துவர் மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். பன்னிரண்டு வயதைத் தாண்டிய பூனைகளை எக்ஸ்ரே எடுத்தால் பத்தில் ஒன்பதுக்கு ஏதாவதொரு மூட்டில் தேய்மானம் தெரியும் என்று அமெரிக்க ஆய்வொன்றில் கண்டிருக்கிறார்கள். ஆனால் பூனை பெரும்பாலும் நொண்டாது. குதிப்பதை நிறுத்தும். சோபாவுக்கு ஒரே தாவலில் போனது, முன்காலைப் போட்டு இழுத்துக்கொண்டு ஏறும். இடுப்புக்கு மேல் ரோமம் சிக்கடிக்கும், திரும்பி நக்க முடியாததால். நகம் தேயாமல் வளைந்து பாதத்தில் குத்தும். பொன்னிக்கு நான்கும் இருந்தன. வீட்டில் அதை 'சமத்தாயிடுச்சு, முன்ன மாதிரி அலமாரி மேல ஏறறதில்ல' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

டிரேயின் விளிம்பு 16 செ.மீ. குட்டிக்காலத்தில் வாங்கியது. புதிது வாங்கவில்லை. சாமான் கடையில் விற்கும் அகலமான பிளாஸ்டிக் டப் ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தில் 25 செ.மீ. அகலத்துக்கு, தரையிலிருந்து 6 செ.மீ. மட்டும் விட்டு வெட்டினார்கள். வெட்டிய விளிம்பைச் சூடான கத்தியால் மழுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். தேய்க்காமல் விட்டால் வயிற்றுத் தோல் கிழியும். மற்ற மூன்று பக்கமும் உயரமாகவே இருந்ததால் மணல் சிதறவில்லை. டப்பின் நீளம் பூனையின் மூக்கு முதல் வாலடி வரையான நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். இன்னொன்றை ஹாலில் வைத்தார்கள்; ராத்திரியில் வீட்டின் மறுகோடி வரை நடக்கும் வேலை மிச்சம்.

அடுத்தது தரை. வழவழப்பான டைல்ஸ் தரையில் மூட்டு வலிக்கும் பூனை ஒவ்வோர் அடியையும் பயந்து பயந்து வைக்கும். படுக்கையிலிருந்து டிரேவுக்கும், டிரேவிலிருந்து கிண்ணத்துக்கும் சணல் சாக்கை விரித்து ஒரு பாதை. ஓரங்களுக்கு இரட்டைப் பக்க டேப். செலவு நூறு ரூபாய்க்குள். பல வீடுகளில் மாத்திரைக்கு முன்னால் பலன் தெரிவது இதில்தான்.

வலிக்குக் கபபென்டின், படுக்கும் முன் 25 மி.கி. சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து என்பதால் சிறுநீரக நோயில் குறைந்த அளவு. 100 மி.கி. கேப்சூலைத் திறந்து 4 மி.லி. தண்ணீரில் கரைத்து 1 மி.லி. கொடுத்து, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். நம் மருந்துக்கடைகளில் கபபென்டின் தனியாக இருப்பதைவிட மெத்தில்கோபாலமினோ நார்ட்ரிப்டிலினோ சேர்ந்துதான் அதிகம் கிடைக்கும். நார்ட்ரிப்டிலின் சேர்ந்தது வேண்டவே வேண்டாம். தனி மருந்து என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். முதல் இரண்டு மூன்று நாள் பின்கால் தள்ளாடும். அந்த நாட்களில் பால்கனியும் கட்டிலும் கூடாது. தள்ளாட்டம் நீடித்தால் அளவு கூடுதல் என்று அர்த்தம்.

டிரே பக்கக் கத்தலில் மலச்சிக்கலையும் பார்க்க வேண்டும். சிறுநீரகம் பழுதான பூனை உள்ளுக்குள் வறண்டுபோகும். மலம் கோலிக்குண்டு மாதிரி வரும். டிரே அள்ளுகிறவர் தினமும் எண்ணிக்கை சொன்னால் போதும்.

வலிக்கிறதே என்று வீட்டு மாத்திரைப் பெட்டியைத் திறக்கக் கூடாது. பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் நொதி வேலை பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு, 500 மி.கி. மாத்திரை ஒன்றே உயிரைக் குடிக்கும். ரத்தச் சிவப்பணு ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பேறி, முகம் வீங்கும். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டுமே கூடாது. தூங்கட்டும் என்று டயசிபாம் கொடுப்பவர்களும் உண்டு. வாய்வழி டயசிபாம் சில பூனைகளின் கல்லீரலைச் சில நாட்களிலேயே அழித்துவிடும், எந்தப் பூனைக்கு என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.

4:40

மூன்றாவது கத்தல் நோய் இல்லை, நாமே கற்றுக்கொடுத்தது. நான்கு மாதமாக, கத்தினால் ஆள் எழுந்து வருவார், கிண்ணம் நிறையும். பொன்னியின் பார்வையில் இது மிகச் சரியாக வேலை செய்யும் கருவி.

ஆனாலும் ஏழு வாரம் இதைத் தொடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. தைராய்டு ஏறியிருக்கும் பூனைக்கு அந்தப் பசி பொய்ப் பசி இல்லை. உடம்பு தன்னையே தின்றுகொண்டிருக்கும்போது, கத்தலைக் கண்டுகொள்ளாதே என்று பழக்குவது பட்டினி போடுவதற்குச் சமம். டி4 இறங்கி, எடை ஏற ஆரம்பித்த பிறகுதான் பழக்க மாற்றம். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்யும் வீடுகள் அதிகம்.

செய்தது இது. ராத்திரி 9:30க்குப் பத்து நிமிடம் கயிற்று விளையாட்டு. மூட்டு வலிக்கும் பூனைக்குத் தாவல் வேண்டாம், தரையோடு இழுத்தால் போதும். 10:30க்குக் கடைசி ஈர உணவு. நேரம் குறித்துத் திறக்கும் ஃபீடர் ஒன்றில் 4:15க்கு ஒரு கைப்பிடி உலர் தீனி. 4:40க்குக் கத்தும் பூனைக்கு 4:15க்கு வர வேண்டும், கத்திய பிறகு அல்ல. ஃபீடரைப் படுக்கையறையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். சாப்பாடு வருவது ஆளிடமிருந்து இல்லை, அந்த டப்பாவிலிருந்து என்று அதற்குப் பதிய வேண்டும். எறும்பு ஏறாமல் ஃபீடரைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் நிறுத்தினார்கள். எறும்பு மொய்த்த தீனியைப் பொன்னி தொடாது, திரும்பக் கதவுக்குத்தான் வரும். ஈர உணவை ஃபீடரில் போட்டால் சென்னை வெக்கையில் விடிவதற்குள் கெட்டுவிடும்.

கதவடியில் கத்தினால் எழக் கூடாது. அதட்டவும் கூடாது, அதட்டலும் பதில்தான். நான்காம் நாள் முதல் ஏழாம் நாள் வரை கத்தல் முன்னைவிடக் கூடியது. கூடத்தான் செய்யும். வழக்கமான பொத்தான் வேலை செய்யாவிட்டால் நாமும் அழுத்தி அழுத்தித்தான் பார்க்கிறோம். ஆறாம் நாள் பொறுக்காமல் எழுந்துவிட்டால், நாற்பது நிமிடம் கத்தினால் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்ததாகிவிடும். அதனால் கீழ்வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லி, ஒரு வாரத் தவணை கேட்டுக்கொண்டார்கள். பத்தாம் நாளுக்கு மேல் இறங்கியது. பிறகு மூன்று நான்கு நாளைக்கொரு முறை ஃபீடரைப் பத்து நிமிடம் தள்ளித் தள்ளி 5:30க்குக் கொண்டுவந்தார்கள்.

கண்டுகொள்ளாமல் இருக்கும் இந்த முறை கதவடிக் கத்தலுக்கு மட்டும்தான். ஹாலில் சுவரைப் பார்த்து நின்று கத்தும் பூனை எதையும் கேட்கவில்லை. எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் நிற்கிறது. அதைத் தனியே விடுவது கொடுமை. வித்தியாசம் பார்க்க எளிய வழி: ஆளைக் கண்டதும் வாலைத் தூக்கிக்கொண்டு கிண்ணத்துக்கு அழைத்துப்போனால் கேட்கிறது. பக்கத்தில் போய் நின்றும் கொஞ்ச நேரம் கவனிக்காவிட்டால் குழம்பியிருக்கிறது.

மிஞ்சிய ஹால் கத்தல்

பொன்னிக்குக் காது மந்தம் என்பது முதல் வார நோட்டிலேயே இருந்தது: கூப்பிட்டால் திரும்பாது, தரையைத் தட்டினால் திரும்பும். தன் குரல் தனக்கே கேட்காத பூனை சத்தமாகத்தான் கத்தும். இதற்கு மருந்தில்லை. பின்னாலிருந்து தூக்காமல் முன்னால் வந்து, தரையைத் தட்டி, பிறகு தொட வேண்டும்.

இருட்டில் பூனைக்கு எல்லாம் தெரியும் என்பது கிழட்டுப் பூனைக்குப் பொருந்தாது. அதிலும் அழுத்தம் ஏறி இறங்கிய கண்ணுக்கு நிச்சயம் பொருந்தாது. ஹாலிலும் டிரே பக்கத்திலும் ஒவ்வொரு ஜீரோ வாட் பல்பு, இன்வெர்ட்டர் லைனில். நாற்காலிகளை இடம் மாற்றுவதில்லை. ராத்திரியில் வீடு முழுக்க அலையவிடாமல் படுக்கை, டிரே, தண்ணீர் மூன்றும் உள்ள ஒரே அறையில் ஆட்களோடு வைத்துக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் பிறகும் வாரத்துக்கு இரண்டொரு முறை ஹாலைத் தேடிப் போய்ச் சுவரைப் பார்த்துக் கத்துவது மிஞ்சியது. தைராய்டு, அழுத்தம், வலி எல்லாம் பிடிக்குள் வந்தபின் மிஞ்சும் இந்தக் குழப்பத்தைத்தான் முதுமை அறிதிறன் குறைவு என்கிறார்கள். மனித மறதி நோயில் காணும் அமிலாய்டு படிவு வயதான பூனை மூளையிலும் இருக்கிறது. 11 முதல் 14 வயதுப் பூனைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குக் கூடுதலாகவும், 15 வயதுக்கு மேல் பாதியிலும் இப்படிப்பட்ட நடத்தை மாற்றம் ஒன்றாவது தெரியும் என்பது பலரும் எடுத்துக்காட்டும் கணக்கு. இதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை கிடையாது. மற்றதையெல்லாம் விலக்கிய பிறகே இந்தப் பெயரை வைக்க வேண்டும். முதல் நாளே இந்தப் பெயரைச் சொல்லி அனுப்பியிருந்தால் 188 அழுத்தத்தோடு பொன்னி வீட்டுக்குப் போயிருக்கும்.

செலிஜிலின் போன்ற மருந்துகளை இதற்குச் சிலர் எழுதுவதுண்டு. பலன் தெரியப் பல வாரமாகும். பொன்னிக்கு ஆரம்பிக்கவில்லை. பகலில் ஜன்னலோர வெயில், சாயங்காலம் ஒரு விளையாட்டு, சாப்பாட்டு நேரம் மாறாமை, கத்தினால் போய்த் தொட்டு மெதுவாகத் திருப்பிக் கூட்டிவருவது. இப்போதைக்கு இவ்வளவுதான். நாய்களுக்கான மூளைச் சத்து மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. அவற்றில் சிலவற்றில் உள்ள ஆல்ஃபா லிப்போயிக் அமிலம் பூனைக்கு நஞ்சு.

காலை வரை காத்திருக்கக் கூடாதவை: பின்கால் திடீரென இழுத்துக்கொண்டு, பாதம் சில்லிட்டு, அலறுவது (இதயத்திலிருந்து போன ரத்தக் கட்டி); ஒரே நாளில் சுவரில் மோத ஆரம்பிப்பது; ஆண் பூனை டிரேயில் முக்கியும் சிறுநீர் வராதது; வாயைத் திறந்து மூச்சு வாங்குவது. ஒரு நாள் முழுக்க ஒன்றுமே சாப்பிடாமல் கிடந்தாலும் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும்.

பன்னிரண்டாம் வாரம் நோட்டில் ஏழு நாளில் ஹால் 2, டிரே 1, கதவடி 1. அந்த ஒன்று, மின்வெட்டில் ஃபீடர் திறக்காத நாள், பேட்டரி தீர்ந்திருந்தது. எடை 3.9 கிலோ, அழுத்தம் 144. இனி மூன்று மாதத்துக்கொரு முறை டி4, கிரியேட்டினின், அழுத்தம் மூன்றும். வீட்டில் வாராவாரம் எடை. ஆள் பூனையைத் தூக்கிக்கொண்டு நின்று கழிக்கும் கணக்கில் நூறு கிராம் வித்தியாசம் தெரியாது, குழந்தைகளை நிறுக்கும் தராசு வேண்டும். கத்தல் மறுபடி ஏறினால் முதலில் பார்க்க வேண்டியது ரத்த அழுத்தம், அடுத்தது ஃபீடரின் பேட்டரி.